தொட்டுக் காட்ட வேண்டும்

தொடணுமாக்கா என்று கேட்டுவிட்டு முப்புடாதி உள்ளே போய்விட்டாள். கேள்வி அவளோடு போகவில்லை, இந்த வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. ஜெயிலின் பெரிய கதவுக்குள் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு இருக்கிறது, யாராக இருந்தாலும் தலையைக் குனிந்துதான் போக வேண்டும். அவள் குனிந்தபோது முந்தானையை ஒரு கையால் கழுத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அந்தக் கை மட்டும் கொஞ்ச நேரம் என் கண்ணில் நின்றது, பிறகு கதவு சாத்தப்பட்டது, தாழ்ப்பாள் சத்தம், அவ்வளவுதான். உள்ளே ஆண்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஏறக்குறைய ஒரே வயசு, ஒரே உயரம், ஒரே மாதிரி மீசை. அதில் ஒருத்தன்தான் போலீஸ் பிடித்து வைத்திருப்பவன், மற்றவர்கள் வேறு வேறு வழக்குகளில் உள்ளே கிடப்பவர்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்து, இவன்தான் என்று சொல்ல வேண்டும். நீதிபதி இருப்பார். போலீஸ் இருக்கக் கூடாது, புருஷன் இருக்கக் கூடாது, நானும் இருக்கக் கூடாது. அடையாள அணிவகுப்பு என்று இதற்குப் பேர். அணிவகுப்பு என்றால் எனக்கு ஞாபகம் வருவது பள்ளிக்கூட மைதானம், சுண்ணாம்புக் கோடு, வெள்ளைக் கான்வாஸ் ஷூ, இடது வலது இடது, கொடியேற்றியதும் கிடைக்கும் ஆரஞ்சு மிட்டாய். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, உன்னைக் குதறியவன் இதில் எவன் என்று பார்த்துச் சொல் என்பதற்கு இந்தப் பேரை யார் வைத்தார்களோ.

இந்தக் கதவு வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் வந்தது. சரியாக என்றால், அவள் நடந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், டீ வேண்டாம் என்றாள், தலையில் பூ வைத்திருந்தாள். உள்ளே கூப்பிடப் போகிற நேரத்தில்தான் ஏட்டம்மா அதைச் சொன்னார். செண்பகவல்லி ஏட்டம்மா இந்த வழக்கு தொடங்கியதிலிருந்து எங்களோடு வருகிறவர், நல்ல மனுஷி, ஸ்டேஷனில் முப்புடாதி வாக்குமூலம் கொடுத்த அன்று அறைக்குள் எட்டிப் பார்த்த ஆண்களையெல்லாம் அதட்டி வெளியே அனுப்பியவர். பஸ் எந்தப் பக்கம் வரும் என்று வழி சொல்வதுபோலத்தான் சொன்னார். “பாத்தும்மா, ஆளக் கையால தொட்டுக் காட்டணும். தூர நின்னு விரல நீட்டுனா, பக்கத்துல நின்னவனச் சொன்னாளோன்னு பின்னால வக்கீலு கேப்பான். ஆளுகள எடம் மாத்தி மாத்தி நிப்பாட்டி மூணு தடவ கேப்பாவ. மூணு தடவையும் தொட்டுட்டேன்னா கேஸு கல்லு மாதிரி நிக்கும்.” முப்புடாதி அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். தொடணுமாக்கா? எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பெண்கள் மையத்தில் கவுன்சிலிங் வேலையில் இருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் கூட்டிக்கொண்டு அலைந்த பெண்களுக்கெல்லாம் அவன் யார் என்று முதலிலேயே தெரிந்திருந்தது. மாமா. டியூஷன் சார். பக்கத்து வீட்டுக்காரன். கட்டினவன். அடையாளம் காட்ட வேண்டிய தேவையே வரவில்லை, எல்லாமே பழகிய கைகள். முன்பின் பார்க்காத ஒருத்தன் செய்தது என்று என்னிடம் வந்தது இவள் ஒருத்திதான், அதனால் இந்தக் கதவும் எனக்குப் புதுசு. ஆனால் பதில் சொல்ல வேண்டும், அவள் நின்றுகொண்டிருக்கிறாள், கதவு திறந்துவிட்டது. “உள்ள நீதிபதி அய்யாகிட்ட கேளு முப்புடாதி. தொட முடியாது, கை காட்டினாப் போதுமான்னு கேளு. கேக்குறதுக்கு உனக்கு உரிமை இருக்கு.”

உரிமை. அந்த வார்த்தை என் வாயிலிருந்து விழுந்த சத்தம் எனக்கே கேட்டது, தரையில் சில்லறை விழுந்த மாதிரி. அவள் சரி என்று தலையாட்டினாள், ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது தலையாட்டுவார்களே, அப்படி. நான் வேறு என்ன சொல்லியிருக்கலாம். தொட வேண்டாம் என்றிருக்கலாம், அப்படிச் சொல்ல நான் யார். தொடு, ஒன்றும் ஆகாது என்றிருக்கலாம், ஒன்றும் ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும். பயிற்சி வகுப்பில் சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் அம்மா மெல்லிய குரலில் சொல்லிக்கொடுத்தார்கள், நீங்கள் முடிவு எடுக்கக் கூடாது, அவர்கள் எடுக்கும் முடிவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அவர்கள் மூச்சு வேகமானால் கால் பாதம் தரையில் படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சுற்றி இருக்கும் பொருட்களைப் பேர் சொல்லச் சொல்லுங்கள். மேஜை, மின்விசிறி, ஜன்னல், காலண்டர். முப்புடாதிக்கு நான் அதைச் சொல்லிக்கொடுத்தேன், ராத்திரி தூக்கம் வராமல் படபடவென்று வந்தால் வீட்டில் இருக்கிற சாமானைப் பேர் சொல்லிக்கொண்டே வா என்று. அடுத்த முறை வந்தபோது, சீக்கிரம் முடிஞ்சிருதுக்கா, வீட்டுல அவ்வளவு சாமான் இல்ல என்று சொல்லிச் சிரித்தாள். என்னிடம் அவள் முதலில் சிரித்தது அதற்குத்தான். இப்போது உள்ளே என்ன பேர் சொல்லிக்கொண்டிருப்பாள். சுவர், சுவர், கம்பி. மீசை, மீசை, மீசை. என் பாதம் தரையில் படுகிறதா என்று பார்க்கிறேன், படுகிறது, செருப்புக்கடியில் வேப்பம்பழம் நசுங்கி ஒட்டுகிறது, அந்தக் கசப்பும் இனிப்பும் கலந்த வாடை. எதிரே பார்வையாளர் வரிசை. உள்ளே இருக்கும் ஆண்களைப் பார்க்க வந்த பெண்கள், கையில் பிஸ்கட்டும் வாழைப்பழமும். வயசான ஒரு பெண் வரிசையில் நிற்க முடியாமல் கீழே உட்கார்ந்து, வரிசை நகரும்போதெல்லாம் உட்கார்ந்தபடியே தானும் நகர்ந்துகொள்கிறாள். அவன் அம்மாவாக இருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது. அவனுக்கும் யாராவது பிஸ்கட் வாங்கி வருவார்கள். எனக்கு அந்தப் பெண்ணின்மேல் கோபம் வருகிறது, உடனே வெட்கமாக இருக்கிறது, பார்வையைக் கதவுக்குக் கொண்டுபோகிறேன்.

பெஞ்சின் அந்தக் கடைசியில் ஆவுடையப்பன் உட்கார்ந்திருக்கிறான், முப்புடாதியின் புருஷன். லோடு ஆட்டோ ஓட்டுகிறான், செங்கலும் வாழைத்தாரும் ஏற்றி இறக்கி உரம் ஏறிய தோள், அந்தத் தோளைக் குறுக்கி, இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, யாரோ அவனை அங்கே இறக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறான். என்னை முதல்முறை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, கவுன்சிலர் வந்திருக்காங்க என்று நர்ஸ் சொன்னதும், எழுந்து கும்பிட்டு, “எந்த வார்டு மேடம்?” என்று கேட்டவன். எனக்கு இது பழக்கம்தான். தெருவிளக்கு எரியவில்லை என்றுகூட என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அன்று அவன் கேட்ட விதம், பாவம், ஓட்டுக் கேட்க வந்தாலும் பரவாயில்லை, யாராவது ஒரு பெரிய மனுஷி வந்தாளே என்கிற விதம். அப்போது அவனுக்குத் தெரிந்தது தாலிச் செயின் அறுத்த கதை மட்டும்தான். எல்லோருக்கும் அதுதான் தெரியும். முப்புடாதி நாலு வழிச் சாலையில் இருக்கும் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறாள். அன்று வேலை முடிந்து ஊர் விலக்கில் பஸ்சை விட்டு இறங்கி, உடைமரக் காட்டு வழியாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள், நல்ல வெளிச்சம் இருந்தது. எதிரே வந்தவன் வழி கேட்டான். பங்கில் நாள் முழுக்க ஆட்களுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய், நின்று சொல்லியிருக்கிறாள். செயின் அவன் கைக்குப் போனது. செயினோடு அவன் போய்விடவில்லை. பேப்பரில், பங்க் பெண் ஊழியரிடம் நகை பறிப்பு என்று வந்தது. அவளும் டாக்டரிடம் செயின் என்றாள், போலீசிடம் செயின் என்றாள், செயின் எவ்வளவு பவுன் என்று விசாரிக்க வந்த ஊர் சனங்களிடம் பவுனைச் சொன்னாள். என்னிடமும் செயின்தான். நான் கேட்கவில்லை. கேட்காமல் உட்கார்ந்திருப்பதுதான் இந்த வேலையில் பாதி. ஒரு நாள் மதியம், மையத்தில் மின்சாரம் போய் மின்விசிறி நின்று, அறை திடீரென்று அமைதியாகிவிட்டபோது, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “செயினக் கழட்டிக் குடுத்திட்டேன்க்கா. நாந்தான் குடுத்தேன், பறிக்கல. குடுத்தாப் போயிருவான்னு நெனச்சேன்.” அதற்குமேல் அவள் சொன்னதெல்லாம் என்னிடம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று சில நாள் நான் யோசிப்பதுண்டு. வயிற்றில் என்று தோன்றும், சில நாள் பல் இடுக்கில்.

புருஷனிடம் சொல்ல வேண்டும், நீங்க பக்கத்துல இருக்கணும் என்றாள், இருந்தேன். அவன் முழுவதும் கேட்டான். எழுந்து வெளியே போய் வாளியில் தண்ணீர் பிடித்து லோடு ஆட்டோவைக் கழுவத் தொடங்கினான். கண்ணாடி, டயர், பின்பலகை, கழுவி முடித்து மறுபடி கண்ணாடி. முப்புடாதி வாசல் நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குக் கிளம்பவும் தெரியவில்லை, இருக்கவும் தெரியவில்லை. கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. அவள் போலீசிடமும் எல்லாவற்றையும் சொன்னபிறகு, வழக்கை வாபஸ் வாங்கச் சொன்ன அவன் அண்ணனை, வீட்டுப் பக்கம் வராத என்று சொன்னவன். கோர்ட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, எங்கள் மையத்துக்கு என்று வாடகை வந்தாலும் வராவிட்டாலும் கூட்டிக்கொண்டு வருகிறவன். ஆனால் செயின் போனபிறகு மஞ்சள் கயிறு மாற்ற வேண்டும் என்று வந்தபோது, அவன் கயிற்றைத் தட்டில் வைத்து நீட்டினானாம், அவளே கட்டிக்கொண்டாளாம். “கட்டி விடலக்கா. தட்டுல வச்சு நீட்டுதாரு. அருவருப்பா இருக்கும்லா அவருக்கு. நான் குத்தம் சொல்லல.” அவள் இதைச் சொல்லி ஒரு வாரம் இருக்காது, அவன் தனியாக மையத்துக்கு வந்தான், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். “மேடம், ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கி அவ தோள்ல கை வச்சேன். தீ பட்ட மாதிரி துள்ளுனா. அந்த மூஞ்சிய என்னால மறக்க முடியல. கயிறு கட்டணும்னா கழுத்துல கை படும்லா. அவன் கழுத்தப் பிடிச்சிருக்கான். நானும் பிடிக்கவா? அதான் தட்டுல வச்சேன்.” இரண்டு பேரும் என்னிடம் சொன்னதை நான் ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குக் கொண்டுபோக முடியாது. அது முதல் பாடம். ஒருவர் சொன்னது அடுத்தவர் காதுக்குப் போகாது என்ற நம்பிக்கையில்தான் அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறார்கள். அதனால் நான் என்ன செய்தேன், இரண்டு பேரிடமும் தனித்தனியாக, அவங்ககிட்ட இத நீங்களே பேசிப் பாக்கலாமே என்றேன். இரண்டு பேரும் சரி என்றார்கள். இரண்டு பேரும் பேசவில்லை. நடுவில் ஒரு சுவர் இருக்கிறது, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆள் சாய்ந்திருக்கிறார்கள், சுவரில் கதவு எங்கே என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான், வாயைத் திறக்கக் கூடாது. வீட்டில் சாம்பாருக்குத் தாளிக்கும்போதுகூட அந்தத் தட்டு ஞாபகம் வருகிறது.

“மேடம், அவன் இவளப் பாப்பானா?” ஆவுடையப்பன் கேட்கிறான். குரல் அவ்வளவு சின்னதாக வருகிறது, நான் முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். “நேருக்கு நேராத்தான் நிப்பாங்க. நீதிபதி பக்கத்துலயே இருப்பார்” என்றேன். “பேசுவானா?” “பேச விட மாட்டாங்க.” அவன் தலையாட்டினான். பிறகு, “கண்ண மூடிக்கிட்டுத் தொடலாம்லா” என்றான். கண்ணை மூடினால் எப்படி அடையாளம், ஆனால் அவன் அதைக் கேட்கவில்லை, அவன் அவளுக்குப் பதிலாக அந்த வரிசையில் நடந்துகொண்டிருக்கிறான், அவனுக்கே கண் கூசுகிறது. ஏட்டம்மா கொஞ்சம் தள்ளி நின்று போனில் யாரிடமோ ஸ்கூல் வேன் வரவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். உலகம் நடக்கிறது. வேன் வரவில்லை. காக்கா ஒன்று வரிசையில் நிற்கும் பெண்களின் பைகளைப் பார்த்து நடந்துபோகிறது, அதுவும் ஒரு அணிவகுப்பு மாதிரி, ஒவ்வொன்றாக நின்று பார்த்து, இது இல்லை, இது இல்லை.

அவளுக்கு இருந்த பயம் வேறு. போன தடவை வந்தபோது சொன்னாள். “தப்பான ஆளக் காட்டிட்டேன்னாக்கா? பங்குல ஒரு நாளைக்கி எத்தன மொகம் பாக்கேன். வண்டிய நிப்பாட்டி மூடியத் தொறக்கவன் எல்லாரும் என்னப் பாக்கான், நான் மீட்டரப் பாக்கேன். அவன் மொகம்னு என் மனசுல இருக்கது அவன் மொகந்தானா? வேற எவனாச்சும் பெட்ரோல் போட வந்தவன் மொகமா இருந்துட்டா? அவனுக்கும் வீடு வாசல் இருக்கும்லா.” தன்னை அப்படிச் செய்த ஒருத்தனைத் தேடும்போதுகூட, செய்யாதவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தவிக்கிறாள். நான் அவளிடம், தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம், அதுவும் சரியான பதில்தான் என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் மனசுக்குள் வேறு ஒரு ஆள் உட்கார்ந்து, தெரிய வேண்டும், தெரிய வேண்டும், தொட வேண்டும், கல்லு மாதிரி நிற்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளை நான் வெளியே விடவில்லை. விடவில்லை என்றுதான் நினைக்கிறேன். முகத்தில் தெரிந்திருக்குமோ. முகம் பார்த்தே பிழைக்க வேண்டி வந்த பெண்கள் இவர்கள், மற்றவர் முகத்தில் ஒரு இழை மாறினாலும் தெரிந்துவிடும். அக்காவுக்காகக் காட்டிவிடலாம் என்று நினைத்து யாரையாவது தொட்டுவிட்டால். அல்லது, அவனைக் கண்டதும் நன்றாகத் தெரிந்து, தொடப் பயந்து, தெரியலை அய்யா என்று சொல்லிவிட்டால். அப்படிச் சொல்லிவிட்டு வெளியே வந்து என்னைப் பார்த்தால் நான் எந்த முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். முகம் என்றதும் போன மாதம் பஸ்சில் நடந்தது ஞாபகம் வருகிறது. ஒரு பெண் பின்னாலிருந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள், கையில் குழந்தை, சுகிர்தா மேடம், நீங்க மட்டும் அன்னைக்கி இல்லேன்னா என்று அழுதாள். அவள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. எந்த வழக்கு, எந்த வருஷம், என்ன நடந்தது, எதுவும் வரவில்லை. நல்லா இருக்கியாம்மா என்று முதுகைத் தடவிக்கொடுத்து இறங்கிவிட்டேன். ஒரு காலத்தில் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நான் ராத்திரி சாப்பிடாமல் படுத்திருப்பேன், நிச்சயம் படுத்திருப்பேன். என்னிடம் வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, இதில் யார் யார் என்று தொட்டுக் காட்டச் சொன்னால் நான் தோற்றுப்போவேன். முகங்கள் போய்விடுகின்றன, மற்றவை தங்கிவிடுகின்றன. யாருடையது என்று தெரியாத ஒரு பச்சை நிற வாளி, யாருடையது என்று தெரியாத ஒரு டியூஷன் மாடிப்படி, யாரோ ஒருத்தி இரண்டாகக் கிள்ளிக் கிள்ளிப் போட்ட பஞ்சு.

இவளிடம் தொட்டுப் பேசவே நான் பழகவில்லை. எங்கள் வேலையில் கேட்காமல் தொடக் கூடாது. கையைப் பிடிச்சுக்கவா என்று கேட்போம், வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். முப்புடாதி எப்போதும் வேண்டாம் என்றுதான் சொன்னாள், மரியாதையாக, வீட்டுக்கு வந்த இடத்தில் இன்னொரு தோசை வேண்டாம் என்பதுபோல. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் மகள் ரெனிஷா பத்தாவது படிக்கிறாள், போன வாரம் கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்து அழுதுகொண்டிருந்தபோது, பக்கத்தில் போய், கட்டிப்பிடிச்சுக்கவா என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து, “அம்மா, நான் ஒண்ணும் உன் கேஸ் இல்ல” என்றாள். சிரித்தேன். சமையலறைக்குப் போனபிறகு அது சிரிப்பாக இல்லை. அவள் டியூஷனுக்கு மாடிப்படி ஏறும்போது நான் கீழே நின்று பார்க்கிறேன். தெரியாதவர்கள் வழி கேட்டால் நிற்காதே என்று சொல்லியிருக்கிறேன், முப்புடாதி சொன்ன மறுநாள் காலையில் அதைச் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. அவள் வழி சொல்லக்கூடத் தெரியாத பெண்ணாக வளர்ந்துவிடுவாளோ. வழி கேட்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வழிதான் வேண்டியிருக்கிறது. எனக்கு அது தெரியும். தெரிந்து என்ன.

ரொம்ப நேரம் ஆகிவிட்டது. மூன்று தடவை என்றால் ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் அவளை வேறு அறையில் உட்கார வைப்பார்களாம், ஆட்கள் இடம் மாறி நிற்க, சட்டையைக்கூட மாற்றிப் போட்டுக்கொள்ள. அந்த அறையில் அவள் தனியாக. முதல் தடவை தொட்டாகிவிட்டது என்றால், இன்னும் இரண்டு தடவை என்று தெரிந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு தடவை நடந்ததற்கு மூன்று தடவை தொட வேண்டும், இது என்ன கணக்கு. மயக்கம் போட்டுவிட்டாளோ. போட்டால் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்களா. எழுந்து கதவுவரை போனேன், காவலுக்கு நின்றவர் என்ன மேடம் என்பதுபோலப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தேன். ஆவுடையப்பன் நான் போனதையும் வந்ததையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தட்டில் கயிற்றை நீட்டியது பயத்தினால் என்று அவள் அறிந்திருந்தால், இன்றைக்கு உள்ளே போகும்போது கொஞ்சம் கனம் குறைந்திருக்குமே. நான் ஒரு வரி சொல்லியிருந்தால். ஒரு வரிதான். சொல்லியிருந்தால் அடுத்த பெண் என் நாற்காலியில் உட்கார்ந்து எதை நம்பிப் பேசுவாள். இதே இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் வந்து நிற்கிறேன், செக்குமாடு மாதிரி, சுற்றி வந்து அதே கல். “நான் கேக்கணும்னுதான் இருந்தேன் மேடம்” என்று அவன் திடீரென்று சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டே. “காலையில வண்டியில வரும்போது. ஏளா, உனக்கு என் மேல வெறுப்பா இருக்கான்னு. கேட்டா ஆமான்னுட்டா?” நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அந்த ஒரு வரி தயாராக இருந்தது, நுனி நாக்கில், உப்பு மாதிரி. அப்போது தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

அவள் குனிந்து வெளியே வந்தாள். நிமிர்ந்தாள். வெயில் கண்ணில் அடித்ததில் முகத்தைச் சுருக்கினாள், அதனால் முகத்திலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. நடையைப் பார்த்தேன். நடை எப்போதும்போல, பங்கில் ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்குப் போகிற நடை. எங்களை நோக்கி வந்தாள். ஏட்டம்மா போனை அப்படியே மடியில் செருகிக்கொண்டு ஓடிவந்து, “என்னம்மா ஆச்சி?” என்றார். முப்புடாதி நிழலுக்குள் வந்து நின்ற பிறகுதான் பேசினாள். “முடிஞ்சிது.” பிறகு என்னைப் பார்த்து, “அய்யாகிட்ட கேட்டேன்க்கா. கை காட்டுனாப் போதும், எத்தனாவது ஆளுன்னு சொன்னாக்கூடப் போதும்னுட்டாரு. நல்ல மனுஷன், தண்ணி குடிக்கியாம்மான்னு கேட்டாரு.” கேட்டிருக்கிறாள். சில்லறை மாதிரி விழுந்த வார்த்தையைப் பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறாள். “அப்ப கை காட்டினியா?” என்றேன். “இல்லக்கா. தொட்டேன்.” “மூணு தடவையுமா?” இது ஏட்டம்மா. “ஆமாம்மா. அவன் நின்ன எடத்துக்குக் கிட்டப் போகப் போகவே தெரிஞ்சிட்டு. மொகத்த வச்சு இல்ல. அவன் மட்டுந்தான் என்னப் பாக்கல. மத்தவன் எல்லாரும் பாத்தானுவ. நேர நின்னு நல்லாப் பாத்தேன். அவந்தான். சந்தேகமே இல்ல.” கையைத் தூக்கிக் காட்டினாள். “தோள்ல விரல் வச்சேன். ஒரே நடுக்கம். அய்யய்ய, கை இப்படி நடுங்குதே, இதப் பாத்துட்டு இவ பயந்துக்கிட்டு யாரையோ தொடுதான்னு எழுதிருவாவளேன்னு கைய எடுத்தேன். எடுத்துப் பாத்தா என் கை சும்மா இருக்கு. அப்புறம் மறுபடியும் வச்சேன். அவந்தான்க்கா நடுங்குனது.”

ஏட்டம்மா முதலில் தன்னைச் சமாளித்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார், போகும்போது முந்தின மாதிரி சத்தமாகப் பேசவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டும். நல்லது செஞ்சே. தைரியமான பொண்ணு. இதெல்லாம் சொல்லக் கூடாதவை, தொடாதவள் தைரியம் இல்லாதவள் ஆகிவிடுவாள். இப்ப எப்படி இருக்கு என்று கேட்கலாம், அது எங்கள் ஆஸ்தானக் கேள்வி. கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, “கை கழுவிக்கிறியா” என்று நீட்டினேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை, அவளுக்குக் கை கழுவ வேண்டியிருக்கும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அவள் பாட்டிலை வாங்கினாள். தன் கையைப் பார்த்தாள், உள்ளங்கையைத் திருப்பிப் புறங்கையையும் பார்த்தாள். பிறகு அண்ணாந்து தண்ணீரைக் குடித்தாள், கழுத்தில் வழிய வழிய, பாதி பாட்டிலைக் குடித்தாள்.

அப்போதுதான் ஆவுடையப்பன் அழுவதைப் பார்த்தோம். பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் குந்தி உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தமே வராமல் அழுதான். அந்தப் பெரிய தோள் மட்டும் குலுங்கியது. எதிர் வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், தரையில் உட்கார்ந்திருந்த அந்த வயசான பெண்ணும் பார்த்தாள், இங்கே ஆண்கள் அழுவது அவர்களுக்குப் புதிதில்லை, திரும்பிக்கொண்டார்கள். முப்புடாதி பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு அவன் எதிரில் நின்றாள். நிற்கிறாள், நிற்கிறாள். நான் உள்ளுக்குள், கேளு, அவனிடம் கேளு, நீயாவது கேளேன் ஆவுடையப்பா, யாராவது ஒருத்தர் கேளுங்களேன் என்று. அவள் எதையும் கேட்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் வேப்பம்பழம் கிடந்த தரையிலேயே உட்கார்ந்தாள், புதுச் சேலை என்றுகூடப் பார்க்கவில்லை. “எதுக்கு இப்பம் அழுதிய?” என்றாள். “ஊரே பாக்கு.” சொல்லிக்கொண்டே அவன் பிடரியில் கையை வைத்தாள். அவன் அசையாமல் இருந்தான். பறவை வந்து உட்கார்ந்தால் அசையாமல் இருப்போமே, அப்படி. கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டை வாயிலிருந்து எடுத்தான். பிடரியிலிருந்த அவள் கையை மெதுவாக எடுத்து, தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அதை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “இந்தக் கையாலயா தொட்ட?” என்றான்.

“ஆமா. இந்தக் கைதான்.”

அவன் விடவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. “ரொம்ப நடுங்கினானோ?” என்று அவன் கேட்டான், அவள், “பின்ன” என்றாள். அதற்குமேல் குரலைத் தாழ்த்தி அவனிடம் என்னவோ சொல்லத் தொடங்கினாள், அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான், எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நான் பெஞ்சிலேயே இருந்தேன், ஏதாவது கேட்பார்கள் என்று. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.